கால்மாட்டில் ஒரு கல் பெஞ்சு: சுங்கை சிப்புட் தோட்ட இடுகாட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தில் பால் எடுத்த) ஒருவர் ஜனவரியில் காலமானார். தோட்ட இடுகாட்டிலேயே அடக்கம். மார்ச் மாதம் பிள்ளைகள் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டார்கள். ஜூலையில் அது சாய்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வேறு பெஞ்சு, வேறு இடத்தில், வேறு அடித்தளத்தோடு போடப்பட்டது. இன்றும் அது அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே குடும்பம் என்ன கேட்டது, எதை அளந்தது, எதை விட்டுக்கொடுத்தது என்பதை இங்கே பதிவு செய்கிறோம். குடும்பத்தின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

பெஞ்சு யாருக்காக?

இறந்தவரின் மனைவிக்கு வயது 74. அவரும் அதே தோட்டத்தில் நிரை (மர வரிசை) பிடித்து மரம் வெட்டியவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். படையல் போட்டு, சூடம் காட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்; அவ்வளவு நேரம் அவரால் நிற்க முடியாது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஒவ்வொரு முறையும் காரின் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஏறியது. செம்மண்ணில் மழை பெய்தால் அதன் மெல்லிய கால்கள் உள்ளே இறங்கும். ஒருமுறை நாற்காலி ஒரு பக்கமாக இறங்கி அம்மா கீழே சரிந்தார். பெஞ்சு என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

ஆனால் கடைக்குப் போனதும் பேச்சு திசை மாறிவிட்டது. கறுப்புக் கல்லா, வெள்ளைக் கல்லா, அப்பாவின் படம் பதிக்கலாமா, பெயரை எவ்வளவு பெரிதாக வெட்டலாம் என்று போனதே தவிர, அம்மாவின் கால் உயரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கும் குடும்பம் இறந்தவருக்கு எது பொருத்தம் என்றுதான் யோசிக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு நடுகல் இருக்கிறது, சமாதி மேடை இருக்கிறது. பெஞ்சு, வந்து உட்காருகிறவருக்கு உரியது. அதை மறந்து வாங்கிய பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. தோட்ட இடுகாடுகளில் பூச்சட்டி வைக்கும் மேடையாக மாறிப்போன பெஞ்சுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

குடும்பத்தில் ஒரு மறுப்பும் இருந்தது. “சுடுகாட்டுல போய் உக்கார்றது நம்ம பழக்கமாப்பா? காரியம் முடிஞ்சா திரும்பிப் பார்க்காம வரணும்னுதான சொல்வாங்க” என்றார் சித்தப்பா. அடக்கத்தன்று அந்த வழக்கம் உண்டுதான். ஆனால் திவசத்துக்கும் தீபாவளிக்கு முன்பும் சமாதிக்குப் போய்ப் படைத்துவிட்டு வருவதும் இங்கே நம் வழக்கம்தான். மூத்த மகள் சித்தப்பாவிடம் வாதாடவில்லை. அம்மா விழுந்ததை மட்டும் சொன்னார். அதன் பிறகு சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பெயர் மேல் யாரும் உட்காரக் கூடாது, பெயரில் கால் படக் கூடாது. பெஞ்சின் வடிவத்தையே தீர்மானித்தது அந்த ஒரு வாக்கியம்.

முதல் பெஞ்சு ஏன் சாய்ந்தது?

முதலில் வாங்கியது தெராசோ பெஞ்சு. கடைகளில் மொசைக் பெஞ்சு என்பார்கள். வீட்டு வாசலிலும் கோயில் வளாகத்திலும் எங்கும் பார்க்கும் வகை. எடை ஏறக்குறைய 120 கிலோ, இரண்டு கால், கால்களுக்கு நடுவே 700 மி.மீ. சமாதிக்கு வலப்பக்கம், மேடையை ஒட்டி, வெறும் மண்மேல் இரண்டு சிமெண்டுப் பலகை போட்டு வைத்தார்கள். அடக்கம் முடிந்து அப்போது இரண்டு மாதம்.

ஜூலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு கால் மற்றதைவிட 38 மி.மீ. கீழே இருந்தது. ஏறக்குறைய மூன்று பாகைச் சாய்வு. கேட்கச் சிறிதாகத் தெரியும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தச் சாய்வில் எழுந்திருப்பது மிகக் கடினம்.

காரணம் மண். குழியைத் தோண்டி மறுபடி நிரப்பிய மண் எவ்வளவு மிதித்தாலும் பழைய இறுக்கத்துக்கு வராது. உள்ளே காற்று இடைவெளிகள் இருக்கும். ஒவ்வொரு பெரிய மழைக்கும் மண் துகள்கள் நகர்ந்து அந்த இடைவெளிகளில் இறங்கும். பெட்டி வைத்து அடக்கம் செய்திருந்தால் பெட்டியின் மூடி உளுத்து உடையும்போது இன்னொரு முறை இறங்கும். அது எப்போது என்று நாள் குறிக்க முடியாது. குழி ஏழடிக்கு மூன்றடி என்றால், மேலே கட்டும் மேடை அதைவிடச் சற்று அகலமாகவோ குறுகலாகவோ இருக்கலாம். மேடையின் விளிம்பைப் பார்த்துக் குழியின் விளிம்பு எங்கே என்று சொல்ல முடியாது. இந்தச் சமாதியில் குழி, மேடைக்கு வெளியே 300 மி.மீ. வரை வந்திருந்தது. குழி வெட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே அது தெரிந்தது. பெஞ்சின் ஒரு கால் தொடப்படாத மண்ணில், இன்னொரு கால் நிரப்பிய மண்ணில். இரண்டு காலும் நிரப்பிய மண்ணில் நின்றிருந்தால் பெஞ்சு நேராகவாவது இறங்கியிருக்கும்.

அவசரத்துக்கும் பங்கு உண்டு. சித்திரைக்குள் முடிக்க வேண்டும், தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று நாள் வைத்துக்கொள்வது இயல்பு. மண்ணுக்கு அந்த நாள் தெரியாது. ஓராண்டு திவசத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் மண்ணும் ஒத்துழைக்கும்.

மண் அடங்கிவிட்டதா என்று அளப்பது எளிது. குழிக்கு வெளியே, உறுதியான மண்ணில், இரண்டு பக்கமும் கம்பி முளை அடிக்க வேண்டும். அவற்றின் நடுவே நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலிலிருந்து மண்வரை உள்ள ஆழத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை, அதே முளை, அதே இடம். இந்தக் குடும்பம் ஆகஸ்டில் தொடங்கியது. செப்டம்பருக்குள் 9 மி.மீ. இறங்கியது, அக்டோபரில் 6, நவம்பர் மழையில் 11, டிசம்பரில் 3, ஜனவரியில் 1, பிப்ரவரியில் 1. அக்டோபரோடு நிறுத்தி “அடங்கிவிட்டது” என்று நினைத்திருந்தால் நவம்பர் ஏமாற்றியிருக்கும். அடைமழைக் காலம் ஒன்று முழுதாகக் கடந்து, அதன் பின் இரண்டு மாதம் 3 மி.மீ.க்கு மேல் இறங்காமல் இருந்தால்தான் வேலையைத் தொடங்கலாம்.

பழைய தெராசோ பெஞ்சு வீணாகவில்லை. இடுகாட்டு வாசல் கொட்டகையின் சிமெண்டுத் தரைக்கு மாற்றினார்கள். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் அதில் உட்காருகிறார்கள்.

நிலம் யாருடையது

கல்லுக்குக் காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. தோட்ட இடுகாடுகள் பல தோட்டத்தின் நிலத்திலேயே இருக்கின்றன. தோட்டம் கைமாறும், கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வரும், பிறகு வீடமைப்பு வரும். நிலம் மேம்பாட்டுக்குப் போனால் சமாதிகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்ற வேண்டிய நிலையும் வரலாம். அந்த நாளில் கான்கிரீட்டோடு கட்டப்பட்ட பெஞ்சு உடைந்துதான் வெளியே வரும்.

எனவே இரண்டு வேலை. ஒன்று, நில அலுவலகத்தில் லாட் எண்ணைக் கொடுத்து நிலப்பட்டாவைத் தேடிப் பார்ப்பது: நிலம் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, அல்லது 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி இடுகாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நிலமா என்பது தெரிந்துவிடும். இரண்டு, நிலத்தைப் பராமரிப்பவரிடம் (தோட்ட நிர்வாகமோ, நகராண்மைக் கழகமோ, இடுகாட்டுக் குழுவோ) பெஞ்சின் நீள அகலத்தையும் இடத்தையும் வரைந்து காட்டி எழுத்தில் அனுமதி வாங்குவது. “சும்மா போட்டுக்கங்க” என்ற வாய்ச்சொல், அதைச் சொன்னவர் மாற்றலாகும் வரைக்கும்தான்.

இங்கே நிலம் தோட்டத்தின் பெயரில்தான் இருந்தது. அதனால் கழற்றி எடுத்துப் போகக்கூடிய பெஞ்சாக இருக்க வேண்டும் என்று முடிவானது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பால்மரப் பலகை

மூத்த மகனின் ஆசை வேறு. அப்பா வெட்டிய நிரையில் மறுநடவுக்காகச் சாய்த்த பால்மரத்திலேயே பெஞ்சு செய்ய வேண்டும் என்றார். பலகைகூட எடுத்து வைத்திருந்தார். இந்த ஆசை தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பால்மரம் நல்ல மரம்தான்; மலேசியாவின் ஏற்றுமதித் தளவாடங்களில் பெரும்பங்கு அந்த மரத்தில் செய்யப்படுகிறது. ஆனால் எல்லாமே வீட்டுக்குள் வைக்கும் தளவாடம். இந்த மரத்தில் வைரம் பாய்ந்த நடுப்பகுதி என்று தனியாகக் கிடையாது. முழுக்க வெளிமரம், அதில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். அதனால் சாய்த்த ஓரிரு நாளிலேயே நீலக்கறைப் பூசணம் பிடிக்கும், பிறகு உளு விழும். ஆலைகளில் அறுத்தவுடன் போரான் மருந்தை அழுத்தத்தோடு ஏற்றி, சூளையில் காய வைப்பது இதனால்தான். அந்தப் போரானும் தண்ணீரில் கரையக்கூடியது. மழையில் நனையும் பெஞ்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அதன் பிறகு பூசணம், கறையான், உளு மூன்றுக்கும் விருந்து. மேலே வார்னிஷ் அடித்தால் தாங்கும் என்று நினைப்பார்கள். வார்னிஷ் வெயிலில் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தை இன்னும் சீக்கிரம் அழுகச் செய்யும். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊரில் அப்பாவின் நினைவாக வைத்த பலகை சில ஆண்டில் கைப்பிடி மாவாக உதிர்வதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதில்லை.

மரம்தான் வேண்டும் என்றால் செங்கால் மரம். கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள வைரமரம். மருந்தில்லாமலே கறையானைத் தாங்கும். மெர்பாவ் மரமும் உறுதிதான், ஆனால் முதல் சில மாதம் மழையில் பழுப்புச் சாயம் இறங்கிக் கீழே உள்ள சிமெண்டையும் வெள்ளைக் கல்லையும் கறையாக்கும். எந்த மரமானாலும் கால் மண்ணைத் தொடக் கூடாது.

மகனின் பலகை வீணாகவில்லை. வீட்டுச் சாமியறையில் அப்பாவின் படம் அதன்மேல் இருக்கிறது.

கல்லைத் தேர்ந்தது

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள் இருப்பதால் பேராக்கில் மார்பிள் எளிதில் கிடைக்கும். வெள்ளையாக, பார்க்கவும் அமைதியாக இருக்கும். ஆனாலும் நம் சடங்குகளுக்கு அது ஒத்துவராத கல். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். எந்தப் புளிப்பும் அதைத் தின்னும். படையலன்று எலுமிச்சையை வெட்டிக் குங்குமம் தடவிப் பெஞ்சு ஓரத்தில் வைத்துவிட்டுப் போனால், மறுநாள் அந்த வட்டம் மெருகு போய் வெளுத்திருக்கும். தேய்த்தால் போகாது, ஏனென்றால் அது கறையல்ல, கல் அரிக்கப்பட்ட தழும்பு. மஞ்சள்கூட வெயிலில் தானே வெளுத்துவிடும். எலுமிச்சைத் தழும்பு அப்படி மறையாது.

இதையே கல்லைச் சோதிக்கவும் பயன்படுத்தலாம். கடையில் மாதிரித் துண்டு வாங்கி, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நுரைத்தாலோ மெருகு மங்கினாலோ அது கிரானைட் அல்ல, என்ன பெயர் சொல்லி விற்றாலும். பக்கத்தில் சில துளி வெறும் தண்ணீரும் விடுங்கள். பத்து நிமிடத்தில் கல் கருமையாக ஊறினால் எண்ணெயையும் அப்படியே குடிக்கும். கறுப்புக் கல் என்றால் இன்னொரு சோதனை: பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்க்க வேண்டும். பஞ்சு கறுத்தால் சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். வெயிலில் அது வெளுத்துத் திட்டுத்திட்டாகும்.

நல்ல கறுப்புக் கல்லில் எழுத்து பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. நடுகல்லுக்கு அது பொருத்தம். பெஞ்சுக்கு எங்கள் சிபாரிசு அதுவல்ல. காலை பத்து மணிக்கு மேல் நிழலில்லாத இடத்தில் கறுப்புக் கல் கொதிக்கும், சேலை கட்டியவரும் உட்கார முடியாது. எடையும் கூடுதல்: கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் டோலரைட், காப்ரோ வகைகள், கன மீட்டருக்கு 2,900 முதல் 3,000 கிலோ. சாம்பல் கிரானைட் 2,700 கிலோ சுமார். இந்தக் குடும்பம் சாம்பல் கிரானைட்டை எடுத்தது. மேற்பரப்பை மெருகேற்றாமல் மழமழப்பு மட்டும் வரும்வரை தேய்க்கச் சொன்னது. முழு மெருகு ஈரத்தில் வழுக்கும்.

உயரமும் கால்களின் இடமும்

அம்மாவின் உயரத்துக்கு எது சரி என்று பார்க்க வீட்டு வாசலில் செங்கல்லை அடுக்கினார்கள். செங்கல் ஒன்று 65 மி.மீ.; ஆறு வரிசை 390, அதன்மேல் 35 மி.மீ. பலகை, ஆக 425. அம்மா உட்கார்ந்தார், பாதம் தரையில் முழுதாகப் பதிந்தது, ஆனால் எழும்போது கையை எங்கேயாவது ஊன்ற வேண்டியிருந்தது. ஏழு வரிசை, 490: எழுவது எளிது, ஆனால் குதிகால் தரையிலிருந்து தூக்கிக்கொண்டது, தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போனது. மறுபடி ஆறு வரிசைக்கு வந்து 15 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைச் செருகினார்கள். 440 நின்றது. கடைகளில் எல்லாருக்கும் ஒரே உயரம்தான், பெரும்பாலும் 450 முதல் 480. உயரமானவருக்கு அது சரி. தோட்டத்து மூத்த பெண்களுக்குப் பெரும்பாலும் சற்று அதிகம்.

கையூன்ற என்ன செய்வது? கல்லிலேயே கைப்பிடி வைத்தால் எடை ஏறும், மூலை உடையும். பெஞ்சின் ஒரு பக்கம் 38 மி.மீ. குறுக்களவுள்ள 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை ‘ப’ வடிவில் வளைத்து, தரையிலிருந்து 750 மி.மீ. உயரத்துக்கு நட்டார்கள். முதியவர் கைக்குள் அடங்கும் பருமன் அது. இரும்புக் குழாயோ பித்தளையோ வைக்கவில்லை. இரும்பு துருப்பிடிக்கும்; ஆளில்லாத இடுகாட்டில் பித்தளையைப் பழைய உலோகக் காசுக்குப் பிடுங்கிப் போவார்கள்.

பலகை 1,200 நீளம், 420 அகலம், 75 தடிமன், எடை 102 கிலோ. கால் ஒவ்வொன்றும் 365 உயரம், 360 அகலம், 100 தடிமன், 35 கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் 173 கிலோ.

கடைக்காரர் முதலில் கொடுத்த வரைபடத்தில் கால்கள் இரண்டும் பலகையின் முனையிலிருந்து 400 மி.மீ. உள்ளே தள்ளியிருந்தன. பார்க்க அழகு. கணக்குப் போட்டால் ஆபத்து. காலின் வெளிவிளிம்பைத் தராசின் முள்ளாக வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் 102 கிலோவும் அதன் நடுவில், முள்ளிலிருந்து 200 மி.மீ. தள்ளி இருக்கிறது: 102 பெருக்கல் 200, 20,400. முனைக்கு 50 மி.மீ. இப்பால் 90 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்தால் 90 பெருக்கல் 350, 31,500. பலகை கவிழ்ந்து அவர்மேல் விழும். காலை முனையிலிருந்து 220 மி.மீ. தூரத்தில் இருக்கும்படி வெளியே தள்ளினால் பலகையின் பக்கம் 38,760, உட்காருபவரின் பக்கம் 15,300. பசை விட்டுப்போனாலும் கவிழாது. பெஞ்சு எந்தக் கல்லானாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் ஓரத்தில்தான் ஏறி நிற்பார்கள்.

பலகையின் மேற்பரப்பு பின்பக்கமாக 3 மி.மீ. சரிவு. அடிப்பக்கம், விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே, 6 மி.மீ. ஆழமான வடிகோடு ஒன்று நீளத்துக்கும் ஓடுகிறது. தண்ணீர் அடிவழியாகக் கால்களுக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். பூச்செண்டு வைக்கப் பெஞ்சில் குழி வேண்டும் என்று கேட்காதீர்கள். வடிகால் இல்லாத குழியில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். கொசு வளர இடம் கொடுப்பது 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அடித்தளம்

இடம் கால்மாட்டுக்கு மாறியது. உட்கார்ந்தால் தலைமாட்டு நடுகல் நேரே தெரியும். நீட்டிய கால் அப்பாவின் தலைப்பக்கம் போகாது. பெஞ்சுக்கும் மேடைக்கும் நடுவே 1.2 மீட்டர் காலி இடம், வாழையிலை விரிக்கவும் பூசை செய்பவர் திரும்பவும். குழியின் விளிம்பிலிருந்து அடித்தளத்தின் விளிம்பு 450 மி.மீ.க்குக் குறையவில்லை. பக்கத்தில் நின்ற பழைய பால்மரத்தின் அடியில் போடலாம், நிழல் கிடைக்கும் என்று ஒரு யோசனை வந்தது. பால்மரக் கிளை காற்றுக்கு எளிதில் முறியும், வேர் தளத்தைத் தூக்கும். கைவிட்டார்கள்.

மேல்மண்ணை 225 மி.மீ. ஆழம் வெட்டி, 100 மி.மீ. கிரஷர் ரன் ஜல்லியை இரண்டு தடவையாகக் கொட்டி இடித்தார்கள். அதன்மேல் 1,500க்கு 700, 125 மி.மீ. தடிமன் கான்கிரீட். 1:2:4 கலவைக்கு 50 கிலோ சிமெண்டு ஒரு மூட்டை போதும். நடுவில் ஏ6 பி.ஆர்.சி. கம்பி வலை, எல்லாப் பக்கமும் 40 மி.மீ. உள்ளே தள்ளி. கம்பி விளிம்புக்கு அருகே வந்தால் துருப்பிடித்து உப்பும்; துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கைக்குழாய் நிற்கும் இடத்தில் மட்டும் 300 மி.மீ. ஆழம். தளம் பின்பக்கம் 10 மி.மீ. சரிவு. ஏழு நாள் ஈரச் சாக்கு.

தளம், கல், மூன்று பேர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 700 கிலோ, 1.05 சதுர மீட்டரில் பரவுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் ஆள் மண்ணை அழுத்துவதில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. தொடப்படாத செம்மண் இதைச் சுலபமாகத் தாங்கும்.

கழற்றும்படி வைத்தது இப்படி: தளத்தில் காலுக்கு இரண்டாக 12 மி.மீ. எஃகு முளைகளை எபாக்சியில் நட்டார்கள். காலின் அடித்துளையில் எபாக்சி இல்லை, சிலிகோன் பசை மட்டும். காலின் தலையிலும் அப்படியே முளை எபாக்சியில், பலகைத் துளை சிலிகோனில். முளை, நழுவாமல் பிடிப்பதற்குத்தான். நேர்மேலே தூக்கினால் கழன்றுவிடும். 75 மி.மீ. பலகையில் துளை 45 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் மேலே தெறித்துவிடும்.

பலகையைக் கொண்டுவந்த லோரி செம்பனைக் காட்டுப் பாதை வரைதான் வந்தது. அங்கிருந்து இரண்டு நாடாவில் நான்கு பேர், ஆளுக்கு 25 கிலோ. அடுத்தவர் சமாதி மேடைகளை மிதிக்காமல் போக வழியை முதல்நாளே நடந்து பார்த்து அளந்திருந்தார்கள்.

எழுத்து

பெயர் நடுகல்லில் இருக்கிறது, பெஞ்சில் இல்லை. சித்தப்பாவின் நிபந்தனைப்படி உட்காரும் பரப்பு கூடாது; முன்விளிம்பில் கெண்டைக்கால் உரசும். மிச்சம் பின்விளிம்பு, 75 மி.மீ. உயரம். நடைபாதையில் வருபவர் கண்ணுக்கு அது தெரியும், யார் காலும் படாது. “அப்பாவுக்கு – பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்” என்று ஒரு வரி, 30 மி.மீ. எழுத்து.

கல் வெட்டுபவர் தமிழ் படிக்கத் தெரியாதவர். வாட்சாப்பில் அனுப்பிய வரியை அவர் கணினி திறந்தபோது எழுத்துரு இல்லாமல் ‘பே’யின் கொம்பு பின்னால் போயிருந்தது, ‘ளை’யின் சங்கிலிக் கொம்பும் இடம் மாறியிருந்தது. அவருக்கு அது தப்பென்று தெரிய வழியில்லை. யூனிகோட் எழுத்தாக அனுப்பாமல், எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிய பி.டி.எஃப். ஆக அனுப்ப வேண்டும். அதைத் திறக்க எழுத்துரு தேவையில்லை. பிறகு அசல் அளவில் தாளில் அச்சிட்டுக் கல்லில் ஒட்டி, குடும்பத்தில் ஒருவர் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். ல, ள, ழ, ர, ற, ன, ண. ஒவ்வொன்றாக.

இந்த வரியில் ஏழு புள்ளிகள். மணல் பீய்ச்சி வெட்டும்போது ரப்பர் அச்சில் புள்ளியின் துளை சிறிதாக இருந்தால் மணல் உள்ளே போகாது. முதல் மாதிரியில் இரண்டு புள்ளிகள் இல்லை, “அபபாவுககு” என்றிருந்தது. புள்ளி குறைந்தது 4 மி.மீ. குறுக்களவு என்று சொல்லி மறுபடி வெட்டிய மாதிரி சரியாக வந்தது. எழுத்துக் கணக்கில் கூலி என்றால் எண்ணும் முறையையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்: இந்த வரி நம் கணக்கில் 21 எழுத்து. துணைக்காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணினால் 25.

வலது காலின் வெளிப்பக்கம் ஒரு பால்மரம் செதுக்கப்பட்டது: பட்டையில் வெட்டு, அதன் முனையில் தகரத் தூம்பு, கீழே பால் சேரும் மங்கு (கிண்ணம்). மாதிரிப் படத்தை மகன் கைப்பேசியில் காட்டியதும் அம்மா அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இப்படி வெட்டுனா மண்டோரு (தோட்ட மேற்பார்வையாளர்) நிரைய விட்டே வெரட்டிருவாருய்யா. கோடு இந்தப் பக்கத்துலேர்ந்துல்ல எறங்கணும்” என்று இடது தோள் உயரத்திலிருந்து வலது இடுப்புக்கு விரலால் இழுத்துக் காட்டினார். அச்சு கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தது. பட்டைக்குள் பால் குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் வெட்டினால் கூடுதல் குழாய் அறுபடும், பால் கூடும். நாற்பது ஆண்டு அந்தச் சரிவிலேயே உளி பிடித்தவரின் சமாதியில் திரும்பிய வெட்டு நின்றிருந்தால், அம்மா ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அச்சு மாற்றப்பட்டது.

ஓராண்டுக்குப் பின்

அடுத்த பிப்ரவரியில் ரசமட்டம் வைத்தபோது நீளவாக்கில் சாய்வு இல்லை. தளத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே விட்ட 20 மி.மீ. இடைவெளியில் புல் முளைத்திருந்தது. பிடுங்கினால் போதும், அதில் சிமெண்டு அடைக்கக் கூடாது. பின்விளிம்பின் நிழல்பக்கம் பாசி. நைலான் தூரிகை, தண்ணீர், காரமில்லாத சோப்பு, அவ்வளவுதான். குளோராக்ஸ் (வெளுப்புத் திரவம்) ஊற்றினால் எஃகுக் குழாயில் புள்ளித் துரு விழும். எழுத்தில் பூசிய தங்க வண்ணம் இரண்டு மூன்று ஆண்டில் மங்கும், மறுபூச்சு வேண்டும்.

பலகையில் ஓர் எண்ணெய்க் கறை. அகல் விளக்கைக் காற்றுக்கு ஒதுக்கமாகப் பெஞ்சில் வைத்திருக்கிறார்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கூழாக்கி விரல் தடிமனுக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒருநாள் விட்டு, திறந்து காயவிட்டு எடுத்தார்கள். இரண்டு தடவையில் பாதிக்கு மேல் போனது. சூடத்தைக் கல்மேல் நேராக ஏற்றியிருந்தால் கரியோடு கல்லும் தெறித்திருக்கும். இப்போது தலைமாட்டில் செங்கல்லால் ஒரு விளக்குமாடம் கட்டியிருக்கிறார்கள். இதை முதலிலேயே கட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் தெரிந்தது. கைக்குழாய் வலப்பக்கம் மட்டும் இருக்கிறது. இப்போது அம்மாவோடு அவர் தங்கையும் வருகிறார், அவருக்கும் முழங்கால் வலி. இடப்பக்கம் உட்காருபவருக்குப் பிடிக்க ஒன்றுமில்லாததால் ஒருவர் எழுந்து நகர்ந்த பிறகு மற்றவர் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்து எழுகிறார். போட்ட தளத்தைத் துளைத்து இன்னொரு குழாய் நட 125 மி.மீ. தடிமன் போதாது. தளத்துக்கு வெளியே, இடது ஓரத்தை ஒட்டி, 300 மி.மீ. சதுரத்தில் அதே ஆழத்துக்குத் தனி அடித்தளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். குழாய் வளைக்கக் கொடுத்தாயிற்று.